பிழையான ஆள்

பொலிஸ் ஜீப் வாசலில் வந்து நின்றதும் றஸ்னாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உள்ளே மாப்பிள்ளை வீட்டார். அவளுடைய கலியாணப் பேச்சு முடிவாகிற நாள்.

இறங்கியவர் எஸ்.எஸ்.பி. அழகரெத்தினம். பொலிஸ் தின அணிவகுப்பு முடிந்த கையோடு வந்திருந்தார். நெஞ்சு நிறையப் பதக்கங்கள். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு பொய்ச் சாட்சி சொல்லாத மனிதர் என்று நிந்தவூரே சொல்லும்.

பதினெட்டு வருடத்துக்கு முன், நகைக்கடைக் களவில் அவளுடைய வாப்பா மீராமுகைதீனைப் பிடித்துப் போனவரும் அவர்தான். வாப்பா மூன்று வருடம் சிறையில் இருந்தார்.

“நான்தான் சேரை வரச் சொன்ன,” என்றார் மாப்பிள்ளையின் தகப்பன் ஜவுபர் ஹாஜியார். “மறியல்ல இரிந்தவர்ர வீட்டுல சம்பந்தம். விசாரிக்கோணும்தானே. நீங்க சொன்னாச் சரி.”

வாப்பா தலை நிமிரவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் றஸ்னா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

அழகரெத்தினம் ஒரு பதக்கத்தைத் தொட்டார்.

“இது அந்தக் களவைப் பிடிச்சதுக்குத் தந்தது, ஹாஜியார். நான் பிடிச்சது பிழையான ஆள். பிறகுதான் தெரிஞ்சுது. வெளியில சொல்லத் தைரியம் வரல்ல.”

ஹாஜியாருக்கு முகம் சிவந்துவிட்டது.

“உங்களைப் பெரிய மனிசன் எண்டு நினைச்சன் சேர்! ஒரு அப்பாவிய மூணு வருசம் உள்ள வெச்சிட்டு, இதைக் குத்திட்டுத் திரியிறீங்களே!”

“ஓம். பிழைதான்.”

ஹாஜியார் எழுந்துபோய் மீராமுகைதீனைக் கட்டிப்பிடித்தார். “மன்னிச்சிக்கோங்க. நிக்காஹ்வுக்கு நாள் பாப்பம்.”

றஸ்னா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். களவெடுத்தவன் மகள் என்று கேட்டே வளர்ந்தவள் அவள்.

புறப்படும்போது மாப்பிள்ளை றிபாத் எஸ்.எஸ்.பி.யின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அவர்கள் போனதும் வாப்பா மெல்லக் கேட்டார்.

“சேர்... அந்தக் களவை நான்தானே செஞ்ச?”

“தெரியும். வெளியில வந்த நாள்ல இருந்து ஒலுவில் துறைமுகத்துல ஐஸ் உடைச்சு உழைச்சுத்தான் சாப்பிட்டிருக்கீங்க. அதுவும் தெரியும்.”

வாப்பாவின் தோளில் கையை வைத்தார் அழகரெத்தினம்.

“செஞ்சதுக்கு நீங்க மறியல் இரிந்து முடிச்சாச்சு. பிள்ளையும் ஏன் இரிக்கோணும்?”