ஆடாத காசு

மனைவியின் தம்பி தோளில் பையோடு படியேறி வருவதைப் பார்த்ததுமே மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கல்லாவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மச்சினன் கடைப்பக்கம் வந்தால் கைமாற்றுக்குத்தான் வருவான் என்பது பதினைந்து வருட அனுபவம்.

"கடன் கேக்க வரல மாமா," என்றான் அவன், பையை மடியில் வைத்துக்கொண்டு கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தபடி. "ரெண்டு நாள் உங்க வீட்ல தங்கிக்கலாமான்னு..."

"எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க. மூணாவது நாள் தொகையைச் சொல்லுவாங்க."

ஒன்பது மாதத்துக்கு முன்னால் எங்கோ கடன் எடுத்து, நாற்பது பேட்டரி ஸ்கூட்டரோடு வாடகைக் கம்பெனி ஆரம்பித்தவன் அவன். முதல் மழையிலேயே பாதி வண்டி படுத்துவிட்டது. மீதியை வாடகைக்கு எடுத்தவர்களே திருப்பித் தரவில்லை. இந்தக் கதையை வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் லென்ஸ் மாட்டிக்கொண்டே சொல்லிச் சிரித்தவர் இவர்.

"தொழில் பண்ணப் போகும்போது மூளையை வீட்லயே வெச்சுட்டுப் போயிட்டே மாப்ள. பணத்தை எப்படி வேலை வாங்கணும்னு காட்டறேன், பாரு."

செல்போனை அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினார். ஒரு பார்வை பார்த்துவிட்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வர்ற வியாழக்கிழமை, இத்தனை நாள் வாடகைக்கு இருந்த இந்தக் கடையை என் பேருக்குப் பதிவு பண்றேன். அன்னிக்கு முழுத் தொகையும் கட்டலேன்னா பக்கத்து மருந்துக் கடைக்காரன் கொத்திக்கிட்டுப் போயிடுவான். பன்னெண்டு வருஷமாச் சேத்த பணம், பேங்க்ல மூணு சதவீதத்துல குறட்டை விட்டுக்கிட்டு இருந்துச்சு. உங்க அக்காவுக்குக்கூடச் சொல்லல. மொத்தத்தையும் ஸ்டேபிள்காயின்னு ஒரு டிஜிட்டல் காசா மாத்தி இந்த ஆப்ல போட்டுட்டேன். வட்டி பதினாலு."

"பதினாலா? அப்ப மூணாவது கட்டம்."

"அட, உனக்குக்கூட இதெல்லாம் தெரியுதே."

அந்த ஆப்பில் நாலு, எட்டு, பதினாலு என்று மூன்று கட்டங்கள் இருந்தன. பதினாலைப் பார்த்த பிறகு மற்றதையெல்லாம் படிப்பது நேர விரயம் என்று அவருக்குத் தோன்றியிருந்தது.

"வட்டியை யார் மாமா தர்றாங்க?"

"கேட்டான் பாரு கேள்வி. ஒரு காயின்னா எப்பவும் ஒரு டாலர். ஏறாது, இறங்காது. ஆடாத காசு."

"ஆடாத காசு குட்டி மட்டும் எப்படிப் போடும்?"

"அதைக் கடனுக்கு விடறாங்கடா. மூணாவது கட்டத்துல நம்ம ஊர்லயே வளர்ந்து வர்ற கம்பெனிங்களுக்குத் தர்றாங்க. அவன் இருபது சதவீதம் கட்டுவான். ஆறை ஆப்காரன் எடுத்துக்கிட்டு பதினாலை எனக்குத் தருவான். எல்.கே.ஜி. பாடம் இது."

"நல்லா ஓடற கம்பெனிக்குப் பேங்க்லயே பத்துக்குக் கிடைக்கும். இருபதுக்கு வாங்கறான்னா அவனுக்கு வேற போக்கிடம் இல்லைன்னுதானே அர்த்தம்? காயின் ஆடாது மாமா. வாங்கினவன் ஆடிட்டா?"

"அடமானம் வாங்காமலா குடுப்பாங்க? உன்னை மாதிரி ஆளுக்கா தூக்கிக் குடுப்பாங்க?"

"முதல் கட்டத்துக்குத்தான் முழு அடமானம். மூணாவதுக்கு வெறும் கையெழுத்து." அவன் குரல் தணிந்தது. "பேங்க் மூழ்கினா அரசாங்கம் கொஞ்சமாவது குடுக்கும். இதுக்கு யார்கிட்டப் போய் நிப்பீங்க?"

மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். "நாப்பது ஸ்கூட்டரைத் தொலைச்சவன் எனக்குக் கிளாஸ் எடுக்கறான். ஊர்ல சொன்னா நம்ப மாட்டாங்க."

"எடுக்க முடியுதான்னு மட்டும் ஒரு தடவை பாத்துடுங்க மாமா."

"ஒரு தடவை என்ன, பத்துத் தடவை பாக்கறேன். நினைச்ச நிமிஷம் எடுக்கலாம்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கான். நூறு டாலர் எடுத்துக் காட்டறேன், நீயும் கத்துக்கோ."

ஆள்காட்டி விரலை உயர்த்தி, பியானோ வாசிப்பவரைப் போல ஒய்யாரமாகத் திரையில் வைத்தார். வட்டம் ஒன்று சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு நான்கு வரி வந்தது.

'உங்கள் தொகையைக் கடனாகப் பெற்ற நிறுவனம் தவணை கட்டுவதை நிறுத்திவிட்டது. பணம் எடுக்கும் வசதி காலவரையின்றி நிறுத்திவைக்கப்படுகிறது. அசலுக்கோ வட்டிக்கோ நாங்கள் உத்தரவாதம் அளிக்கவில்லை. விதிகளை ஏற்றமைக்கு நன்றி.'

மறுபடி அழுத்தினார். மறுபடி அதே நான்கு வரி, அதே நன்றி. வியாழக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது. சுற்றிலும் மாட்டியிருந்த இருநூறு ஃபிரேம்களும் தன்னையே வெறிப்பதுபோல் இருந்தது அவருக்கு.

"எவன்டா அந்தக் கம்பெனிக்காரன்?" அவர் குரல் கீச்சென்று வந்தது. "அடுத்தவன் காசை வாங்கி ஏப்பம் விட்டுட்டு இந்நேரம் ஏதாவது சொந்தக்காரன் வீட்ல ஒளிய இடம் தேடிக்கிட்டு இருப்பான் அயோக்கியன். அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..."

மச்சினன் மடியிலிருந்த பையைத் தரையில் இறக்கிவைத்தான். எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றான்.

"கிடைச்சுட்டேன், மாமா."