மலைக்குப் பழகும் கால்

"மூட்டையை இறக்கி வைங்க மாமா. இன்னிக்கும் மூச்சு வாங்குது உங்களுக்கு."

நார்த்தாமலைப் பாறையில் பாதி ஏறி நின்ற செல்லமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஐம்பதைத் தாண்டிய மனிதர், முதுகில் நெல் மூட்டையோடு நிற்கிறார்; இதற்கு மேல் என்னதான் செய்வது?

"எங்க மாப்ளே மூச்சு வாங்குது? கிட்ட வந்து காதைக் குடுத்துக் கேளு."

தங்கமுத்து அவருக்கு மருமகன் முறை. ரங்கூனில் அரிசி ஆலையில் இருந்தவன். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் அரக்கான் மலைக்காட்டை நடந்தே தாண்டி, போன மாதம்தான் எலும்பும் தோலுமாக ஊர் வந்து சேர்ந்தான். அவனோடு கிளம்பிய மலையாண்டி, செல்லமுத்துவின் ஒரே மகன், வரவில்லை. காய்ச்சல் கண்டு வழியில் ஒரு மலைக்குடிசையில் படுத்திருக்கிறான், அந்த ஊர் ஆட்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தங்கமுத்துதான் சேதி சொன்னான்.

கேட்ட மறுநாளே செல்லமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். தங்கமுத்துதான் மறித்தான்.

"வரப்புல நடந்த காலு மாமா இது. அந்தக் காடு வேற. பழகாமப் போனா பாதி வழியிலயே விழுந்துருவீங்க. நான் பழக்கி விடுறேன்."

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் இந்தப் பாறைதான். அட்டை கடித்தால் பிய்த்து எறியக் கூடாது, உப்பு வைக்க வேண்டும். ஓடைத் தண்ணீரை வேட்டியில் வடிகட்டிக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். அவலை அள்ளித் தின்னாமல் வாயில் அடக்கிக்கொண்டே நடக்க வேண்டும். செல்லமுத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஊரில் சிலர், "நெல்லு மூட்டைக்கு மலையைச் சுத்திக் காட்டுறாரு" என்று சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

"அவல், உப்பு, ஒரு போர்வை போதும் மாமா. இந்த நெல்லு மூட்டை எதுக்கு? தினமும் சொல்றேன், கேக்க மாட்டேங்கிறீங்க."

"அவனால நடக்க முடியாட்டி? முதுகுல போட்டுத்தான தூக்கிட்டு வரணும்? காச்சல்ல எளைச்சிருப்பான். இந்தக் கனம்தான் இருப்பான்."

தங்கமுத்து அங்கிட்டுத் திரும்பி நின்றுகொண்டான்.

செல்லமுத்து மூட்டையை ஒரு குலுக்குக் குலுக்கிச் சரிசெய்துகொண்டு மறுபடி ஏறினார். எங்கும் நிற்கவில்லை. உச்சிக்குப் போய்விட்டு அதே மூச்சில் இறங்கியும் வந்துவிட்டார். பெற்ற பாசம் அந்த வயதிலும் காலுக்கு அப்படியொரு வலுவைக் கொடுத்திருந்தது.

"இப்ப என்ன சொல்ற மாப்ளே?"

தங்கமுத்து அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "எறங்கும்போது குதிகாலை ஊனுறீங்க. அந்தச் சேத்துல வழுக்கிரும். இன்னும் கொஞ்ச நாள் பழகணும்."

"நேத்து மூச்சுன்ன, இன்னிக்குக் குதிகாலுங்கிற. நாளைக்கு மூக்கு சரியில்லேம்ப!"

வீட்டு வாசலில் உண்ணாமலை மோரோடு காத்திருந்தாள். கணவருக்கு வழியில் தின்னக் கட்டிக் கொடுக்க இடித்த அவல் முறத்தில் காய்ந்துகொண்டிருந்தது. மகன் திரும்பி வரும்போது உடுத்திக்கொள்ள ஒரு புது வேட்டியும் மடித்து வைத்திருந்தாள்.

"உங்க மாமா காலு பழகிருச்சா தங்கமுத்து?" வழக்கம்போல அதே கேள்வி.

"இன்னும் பழகலை அத்தே."

அவ்வளவுதான், உண்ணாமலை வெடித்தாள். "இப்படியே சொல்லிக்கிட்டு இரு! எம்புள்ளை அங்க கண்காணாத காட்டுல காச்சலோட கெடக்கான். நீ இங்க இவருக்கு நடை பழக்குறியா நடை!"

"அவனை ஏண்டி வையிற? என் நல்லதுக்குத்தான சொல்றான்" என்றார் செல்லமுத்து. மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளத்துக்கு நடந்தார். அந்த நடையில் தளர்ச்சியே இல்லை.

தங்கமுத்து தலையைக் குனிந்தபடி நின்றான். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்த உண்ணாமலை, அவன் பக்கத்தில் வந்தாள். குரல் சுத்தமாக இறங்கியிருந்தது.

"அவரு காதுல விழணும்னுதான் வஞ்சேன். மனசுல வச்சுக்காத."

"அத்தே..."

"அன்னிக்கு நீ வந்து, அவன் காச்சல்ல படுத்திருக்கான்னு சேதி சொன்ன. சொல்லிட்டு எந்திரிச்ச. 'போயிட்டு வாரேன்'னு ஒரு வார்த்தை சொல்லாம, திரும்பிக்கூடப் பாக்காம வாசப்படி எறங்கிட்ட. எழவு வீட்டுலதானப்பா அப்படிச் சொல்லிக்காமப் போவாக?"

தங்கமுத்து தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்தி அழுதான்.

"நல்லா மண்ணு போட்டு மூடித்தான வச்ச எம்புள்ளைய?"

அவன் ஆமென்று தலையசைத்தான்.

உண்ணாமலை முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். "மகனைத் தூக்கிட்டு வரப்போறோம்கிற நெனப்புலதான் அந்த மனுசன் ரெண்டு வாய் சோறு திங்கிறாரு. நாளைக்கும் ஏதாவது ஒரு குத்தம் கண்டுபிடிச்சுச் சொல்லுப்பா."