தண்ணீர்க் கூண்டு

ஆய்வகத்தில் அவருக்கு எலி டாக்டரம்மா என்றே பெயர். சோர்ந்து கிடந்த எலிகளில் ஒரு கூண்டுக்கு சோர்வு போக்கும் மூலிகைச் சாறும், இன்னொரு கூண்டுக்கு வெறும் தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார். ஒரே மாதத்தில் இரண்டு கூண்டு எலிகளும் துள்ளிக் குதித்தன.

“அண்ணே, தண்ணிக் கூண்டுலயும் சாறை ஊத்திட்டீங்களா?” என்று கூண்டு கழுவுகிறவரிடம் பாய்ந்தார்.

“சத்தியமா ஒரு சொட்டுகூட ஊத்தலம்மா.”

“அப்புறம் எப்படித் தேறுச்சு?”

அவர் தலையைச் சொறிந்தார். “மருந்து கிடைக்காத பாவப்பட்டதுங்கன்னு நீங்கதானே தினம் மத்தியானம் அதுங்களை மடியில போட்டுத் தடவிக்கிட்டே உங்க நாத்தனாரைப் பத்திப் புலம்புறீங்க?”

இனி சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனாலும் டாக்டரம்மாவுக்குக் கோபமே வரவில்லை. யோசித்துப் பார்த்தால், நாத்தனாரோடு சண்டை போட்டே ஒரு மாதம் ஆகிவிட்டது.