மதிலுக்கு அந்தப் பக்கம்

சாயங்கால வெயில் மதில்மேல் சாய்ந்து கிடக்கிறது. வாடகை வீட்டு மண்ணைத் தோண்டிக் குழாய் புதைக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் பச்சை ஹோஸைத் தரைமேலேயே இழுத்து, வெண்டைப் பாத்தி நடுவே மூன்று கால் ஸ்பிரிங்ளரை நிறுத்துகிறாள் சமரீன். நேற்று அதன் தண்ணீர் மதிலைத் தாண்டி, பக்கத்து வீட்டு மணிமேகலை காயப்போட்ட சேலைகளை நனைத்துவிட்டது. அந்தம்மா ஈரத்துணியை வாரிக்கொண்டு போனதுதான் இவளுக்கு இன்னும் உறுத்துகிறது. இன்றைக்குக் குழாயைப் பாதிதான் திறக்கிறாள். டிக்டிக்கென்று சுற்றும் சாரலில் வெண்டைப்பூக்கள் தலையாட்டுகின்றன. சூடேறிய செம்மண் மணக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் எதையோ தரதரவென்று இழுக்கும் சத்தம். எட்டிப் பார்க்கிறாள். கொடியில் ஒரு துணிகூட இல்லை. அதன் அடியில், மிளகாய்ச் செடிகள் வாடி நிற்கும் பழைய பெயிண்ட் டப்பாக்களை மதிலோரமாக நகர்த்திக்கொண்டிருக்கிறாள் மணிமேகலை. “அக்கா, நேத்து சேலையெல்லாம் நனைஞ்சிருச்சுங்க…” என்று இழுக்கிறாள் சமரீன். “சேலை வூட்டுக்குள்ள காயட்டும் வுடு. ஏம்மா, இன்னிக்கி தண்ணி இந்தப் பக்கமே வரல?” சமரீன் குழாயை முழுதாகத் திறக்கிறாள். சுற்றிக்கொண்டிருக்கும் ஸ்பிரிங்ளரை அப்படியே தூக்கி, துப்பட்டா சொட்டச் சொட்ட, மதிலோரம் கொண்டுபோய் வைக்கிறாள்.