புயல்முகனுக்கு மூடுவிழா

"இருபது வருசமா கூட இருந்த மனுசன். ரெண்டரை மணி நேரத்துல கொன்னுட்டானுங்க," என்றான் நிலவன். கேன்டீன் தட்டில் அவன் தொடாத சாம்பார் சாதம் ஆறிப்போய்க் கிடந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த பூஜா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்த ஒப்பாரியை அவள் ஒரு வாரமாகக் கேட்கிறாள். செத்தது யாரும் இல்லை. புயல்முகன் என்கிற வெளிநாட்டு சினிமா வீரனைத்தான் சொல்கிறான். பழைய நடிகரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு புதுப் பையனை வைத்து, கதையை முதலிலிருந்து எடுத்திருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தமிழ் டப்பிங்கில் முதல் புயல்முகனைப் பார்த்தவன் நிலவன். அப்போது அவன் ஊரான வடக்குப்பட்டில் இத்தனை கம்பெனி கிடையாது. பிறகு ஊரே மாறியது, அவனும் ஒரகடத்துப் பிளாஸ்டிக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள் ஆனான். மாறாமல் இருந்தது அந்த வீரன் ஒருத்தன்தான். அவனையும் இப்போது மாற்றியாயிற்று.

"அப்டி இன்னாதான்ணா கெட்டுப்போச்சு படத்துல?" என்று கேட்டாள் பூஜா, பாவம் பார்த்து.

"அழுவுறாம்மா. புயல்முகன் அழுவுறான். அப்பா சரியில்ல, ஆயா சரியில்லன்னு இன்டர்வல் வரைக்கும் அழுதுகினே கீறான். ஒரே ஒரு சண்டை. அதுவும் இருட்டுல எடுத்து வச்சிக்கிறானுங்க."

"நாந்தான் டெய்லி அழுவுறேன். என்ன வச்சு எவன் படம் எடுத்தான்?"

நிலவனுக்குச் சிரிப்பு வரவில்லை. படம் பார்த்த அன்றே தண்டலம் பஸ் ஸ்டாப்பில் நின்று ஒரு வீடியோ போட்டிருந்தான். ஒருத்தரும் தியேட்டருக்குப் போகாதீர்கள், புயல்முகன் படம் போட்ட ஸ்கூல் பைகூட வாங்காதீர்கள் என்று மனசாரத் திட்டியிருந்தான். ஊர் ஊராக, நாடு நாடாக ரசிகர்கள் இதே கொதிப்பில் இருந்ததால் அதுவும் சேர்ந்து ஓடியது.

ஓடாதது அவன் வாழ்க்கைதான். முப்பது தாண்டியும் கான்ட்ராக்ட். அவன் விரும்பிய மெர்சியைக் கட்டிக்கொடுக்க அவள் அப்பாவுக்குச் சம்மதம்தான், ஆனால் மாப்பிள்ளை பர்மனென்ட் ஆகட்டும் என்று பிடிவாதமாக இருந்தார். சூப்பர்வைசர் சிவசங்கர் ஒரு வழி சொல்லியிருந்தார். இப்போது ஓடுகிற எல்.எச். கவர் ஆர்டர் அடுத்த வருஷமும் நீண்டால் நிலவன் பர்மனென்ட். மேலே பேரும் கொடுத்தாகிவிட்டது.

எல்.எச். கவர் என்பது சாம்பல் நிறத்தில், வளைந்த ஒரு பிளாஸ்டிக் ஓடு. எல்.எச். என்றால் லெஃப்ட் ஹேண்ட்; நிலவன் மிஷினில் இடப்பக்கம் மட்டும் விழும். வலப்பக்கம் எங்கோ, வெட்டி பெயிண்ட் அடிப்பது வேறெங்கோ. எந்தக் காருக்கு என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. ஒரகடத்தில் பிளாஸ்டிக்கில் எதைச் செய்தாலும் அது காருக்குத்தான்.

"கன்னம் எரியுதுண்ணா," என்றாள் பூஜா. அவள் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறாள். கவரின் ஓரத்தைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து, சுருக்கென்றால் தூக்கிப் போட வேண்டும் என்பது உத்தரவு. "கையால தடவிப் பாத்தா பத்தாதாமா?"

"ஃபாரின் கஸ்டமரும்மா. அப்டித்தான் கேப்பான்."

அப்போது அவன் போன் அடித்தது. ரசிகர் குரூப்பில் செய்தி. படம் படுத்துவிட்டதாம். வரவேண்டிய அடுத்த இரண்டு பாகங்களையும் படக் கம்பெனியே கைவிட்டுவிட்டதாம். புயல்முகனுக்கு மூடுவிழா.

நிலவன் இரண்டு முறை படித்தான். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தான். அசதிதான் வந்தது. இருந்தாலும் நியாயம் கிடைத்துவிட்டது என்று ஒரு திருப்தி.

"நம்ம வீடியோவும் அதுல ஒண்ணு, பூஜா. நம்மளும் ஒரு கை குடுத்துகிறோம்."

"அப்ப இனிமேலாச்சும் துன்னுங்கண்ணா."

அவன் ஒரு வாய் எடுத்து வைத்தபோது சிவசங்கர் வந்தார். தட்டு எடுக்காமல் வெறுங்கையோடு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாப்ட்டு நேரா வூட்டுக்குப் போ, நிலவா. மிஷின்கிட்ட போவாத. மோல்டு அச்ச கயட்ட சொல்ட்டாங்க."

"ஏன் சார், பிரேக் டவுனா?"

"எல்.எச். கவர் ஆர்டரு கேன்சல். இப்பத்தான் போன் வந்துச்சு. உன் பேர குடுத்திருந்தேன்ல, அதையும் நிறுத்திட்டாங்க. நான் சண்ட போட்டுப் பாத்துட்டேன்."

நிலவன் தட்டைத் தள்ளி வைத்தான். ஞாயிற்றுக்கிழமை மெர்சி வீட்டுக்குப் போய், கூடிய சீக்கிரம் நல்ல சேதி என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். அவள் அப்பா முதல்தடவையாகத் தோளில் கை போட்டு வாசல்வரை வந்து அனுப்பினார். இனி எந்த முகத்தோடு அந்தப் படி ஏறுவது?

"போன வாரம்கூட ரெண்டு வருசம் நிக்காம ஓடும்னு சொன்னீங்களே சார்."

"கஸ்டமர் சொன்னான், நான் சொன்னேன். திடீர்னு இப்டி படுக்கும்னு யாருக்குப்பா தெரியும்?"

"எந்தக் காரு சார் அது? அவ்ளோ மோசமாவா போச்சு விக்காம?"

சிவசங்கர் சுற்றுமுற்றும் பார்த்தார். கஸ்டமர் யாரென்று வெளியே சொல்லக் கூடாது என்பது கம்பெனி கட்டளை. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்பதுபோல் பெருமூச்சு விட்டார்.

"காரெல்லாம் இல்லப்பா. பசங்க மாட்டிக்கிற புயல்முகன் முகமூடி."