முப்பத்தொன்றுக்குப் போகவேண்டியது

ஜோடி பிரிக்கும்போது அவள் மிஞ்சினாள்.

கம்ப்யூட்டர் லேபில் எல்லோரும் அவரவர் ஆளைப் பிடித்துவிட்டார்கள். ஒருத்தி அழைப்புக்குக் காத்திருக்கும் சர்வர் புரோகிராமை எழுத வேண்டும், இன்னொருத்தி அதைத் தேடிப்போய் இணையும் கிளையன்டை. இருவரும் வெவ்வேறு வரிசையில் உட்கார்ந்து, நெட்வொர்க் வழியாகப் பேசிக்கொள்ள வேண்டும். அதுதான் அன்றைய பயிற்சி.

எபனேசர் சார் அவளிடம் வந்தார்.

"நீங்க ஒரே மெஷின்லயே ரெண்டையும் ஓட்டிருங்கம்மா. மார்க்குல கை வைக்க மாட்டேன்."

தலையாட்டினாள்.

டிப்ளமா முடித்து, நேராக இரண்டாம் வருடத்தில் சேர்ந்தவள். தர்மபுரியிலிருந்து நாகர்கோவிலுக்கு. வகுப்பில் எல்லோருக்கும் மூத்தவள் என்பதால் அக்கா என்பார்கள். வாங்க, போங்க என்பார்கள். காலேஜ் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டுப் பின்னால் போய்விடுவார்கள்.

தங்களுக்குள் அவர்கள் கூப்பிட்டுக்கொள்வது ஏட்டி என்று. முதல் வாரம் அதைக் கேட்டுத் திடுக்கிட்டாள். திட்டுகிறார்கள் என்றே நினைத்தாள்.

பிறகு புரிந்தது. நெருங்கியவளை மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார்கள்.

சர்வரை எழுத ஆரம்பித்தாள். இணைப்புக்கு ஒரு வாசல்போல, சிஸ்டத்திடம் ஒரு சாக்கெட் கேட்டு வாங்கினாள். அதற்குத் தன் மெஷினின் முகவரியையும், சார் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லியிருந்த போர்ட் எண்ணையும் கொடுத்தாள். காது கொடுத்திருக்க, லிசன். கடைசியாக, வருகிறவரை ஏற்றுக்கொள்ள, அக்செப்ட்.

ஓட்டினாள். புரோகிராம் அந்த வரியில் போய் நின்றது.

யாராவது வந்தால்தான் அங்கிருந்து நகரும். வராவிட்டால் எவ்வளவு நேரமானாலும் நிற்கும். பிழை என்றுகூடச் சொல்லாது.

வரப்போவதும் தான்தான். கிளையன்டைத் திறக்க மவுஸை நகர்த்தினாள்.

அதற்குள் யாரோ வந்துவிட்டார்கள்.

திரையில் ஒரு முகவரி. அவளுடையது இல்லை. முகவரியின் கடைசி எண்தான் மெஷின் எண்; அதைப் பார்த்தாள். பின்வரிசையில் ஷிஃபானா உட்கார்ந்திருக்கும் மெஷின்.

கீழே ஒரு வரி வந்து விழுந்தது.

"ஏட்டி, வந்துட்டியா?"

புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. ஷிஃபானாவின் ஜோடி மெர்லின். ஜன்னலோரம், முப்பத்தொன்றாம் மெஷின். இவளுடையது பதின்மூன்று. ஷிஃபானா எண்ணை மாற்றி அடித்திருக்கிறாள்.

இணைப்பை மூடிவிடலாம். மூடுவது பெரிய வேலையில்லை.

"வந்துட்டேன்" என்று அடித்தாள்.

"என்னட்டி பண்ணுத?"

"சும்மாதான்."

"பசிக்குதுட்டி. உம்மா இன்னைக்கு இறச்சி குடுத்து விட்டிருக்கா. பெல் அடிச்ச உடனே வந்துரு, என்னா."

அந்த வரியை மறுபடியும் படித்தாள். ஹாஸ்டலில் கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதம் பையில் இருந்தது. லைப்ரரிப் படிக்கட்டில் உட்கார்ந்து, போனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு, அதைச் சாப்பிட்டு முடிப்பாள். தினமும் அப்படித்தான்.

"வரேன்" என்று அடித்தாள்.

ஜன்னலோரத்திலிருந்து மெர்லின் கத்தினாள்.

"ஏட்டி ஷிஃபா, எனக்கு ஒண்ணுமே வரலியே! யார்ட்டப் பேசிட்டு இருக்க?"

லேபில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

அவள் திரும்பவில்லை. பின்னால் தட்டச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது. ஷிஃபானா எண்ணைச் சரிபார்க்கிறாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொரு மெஷினாகக் கண்ணை ஓட்டுகிறாள்.

காது மடல் சுட்டது.

இப்போது இணைப்பு அறுந்துவிடும் என்று காத்திருந்தாள். அறுபடவில்லை.

"அக்கா, நீங்களா?"

அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்றால், சாரிக்கா என்று வரும். மரியாதையாகத்தான் வரும். அப்புறம் முப்பத்தொன்றுக்குப் போய்விடுவாள்.

எதையோ அடித்தாள். அழித்தாள். மறுபடி அடித்தாள்.

"இல்லட்டி."

என்டரைத் தட்டிவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

பின்வரிசையில், ஷிஃபானா இருந்த பக்கம், ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.