அழித்துவிட்டு நிறுவு

அம்புக்குறி அந்தப் பொத்தானின் மேல் போய் நின்றுவிட்டது.

'வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு.'

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

மனைவி கலா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றேதான் அந்த வேலையை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கை சும்மா இருந்தால் அவர் விரலைப் பிடித்துத் தானே அழுத்திவிடுவோமோ என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னல் வழியே வெயில் மேசை வரைக்கும் வந்திருந்தது.

அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர்தான் சொல்லிக் கொடுத்தாள். விர்ச்சுவல் மெஷின். இருக்கிற கணினியின் வயிற்றுக்குள் இன்னொரு கணினி, பொய்யாக. அதற்கென்று ஒரு பொய் வட்டு. அதற்குள் லினக்ஸோ வேறு எந்த இயங்குதளமோ போடலாம், உடைக்கலாம், குப்பையில் எறியலாம். வெளியே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது.

இந்த வாரம் முழுக்க அவர் தூங்குகிற நேரமாகப் பார்த்து அவள் போட்டுப் பழகியிருந்தாள்.

வெளியே இருப்பதுதான் அவருடைய பயம். மகள் சௌமியா பட்டம் வாங்கிய படம், வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்த படம், எல்லாம் இந்த மடிக்கணினியில்தான் இருந்தன.

முன்பு வேறொரு கணினி இருந்தது. சௌமியா அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். பத்திரிகையில் ஏதோ படித்துவிட்டு, ஆசை ஆசையாய் லினக்ஸ் போட உட்கார்ந்தார். இதே கேள்வி வந்தது. அன்றைக்கு யோசிக்காமல் அழுத்தினார்.

பிள்ளை தவழ்ந்தது. சோற்றை முகமெல்லாம் அப்பிக்கொண்டு சிரித்தது. முதன்முதலாக 'அப்பா' என்றது.

படம், வீடியோ, எல்லாம் போயிற்று.

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருக்கலாம் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவர் கணினியைத் தொடவில்லை. மில்லில் எலெக்ட்ரீஷியன். எப்பேர்ப்பட்ட மோட்டாரையும் பிரித்துப் போட்டுத் திரும்ப ஓட்டிக் காட்டுகிற கை. கணினி இருக்கும் அறைக்குள் வந்தால் மட்டும் அந்தக் கை முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொள்ளும்.

ஆனால் செய்தித்தாளில் கணினி பற்றி ஏதாவது வந்தால், நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படிப்பார்.

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

போன மாதம் மில்லிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்டார். காலையில் குளித்துத் தலைசீவி, போவதற்கு இடமில்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அமுத்துங்க," என்றாள். "பொய் டிஸ்க்குதானுங்க அது."

"பொய்யின்னு எங்க போட்டிருக்குது? அன்னைக்குக் கேட்ட மாதிரியேதான் கேக்குது."

"பொய்க் கணினிக்குள்ள இருக்கறது அதுக்குத் தெரியாதுங்க. நமக்குத் தெரியுமில்ல?"

அவர் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மொச்சைக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு அழிஞ்சது படந்தானுங்க. புள்ள பக்கத்து ரூம்ல தூங்கிட்டுத்தான இருந்தா."

இத்தனை வருடத்தில் இருவரில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

பிறகு அழுத்தினார்.

நீலப் பட்டை மெல்ல நகர்ந்தது. நடுவழியில் நின்றது. பட்டை மறுபடி நகர்ந்தது. கடைசியில் பொய்க் கணினி ஓடிய அந்தச் சின்ன ஜன்னல் கறுத்துப்போனதும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அவள் அவர் முழங்கையைத் தொட்டாள்.

ஒரு மலையும் ஏரியுமாகப் புதுத்திரை வந்தது.

அவர் அந்த ஜன்னலைச் சுருக்கினார். பின்னால் சௌமியா கறுப்பு அங்கியும் தொப்பியுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். விரித்தார். மலையும் ஏரியும். மறுபடி சுருக்கினார். சௌமியா அங்கேயேதான் இருந்தாள்.

உள்ளே போய்க் கால்குலேட்டரைத் திறந்தார். மூடினார். மலையை எடுத்துவிட்டு ஒரு பூப்படம் வைத்தார். அது பிடிக்கவில்லை. ஒட்டகம் வைத்தார்.

அவள் மொச்சையை மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

திடீரென்று எல்லாவற்றையும் மூடிவிட்டு, அந்தப் பொய்க் கணினியின் பெயர் மேல் வலது க்ளிக் செய்தார். தேடினார். 'நீக்கு' என்று இருந்தது. எல்லாக் கோப்புகளையும் சேர்த்து நீக்கவா என்று கேட்டது. படக்கென்று அழுத்தினார்.

"ஐயோ, நல்லாத்தானுங்க ஓடிட்டிருந்துது!"

"பாதி நீதான சொல்லிக் குடுத்த. செத்த தள்ளி உக்காரு, கலா."

மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். புதிதாக ஒன்றைத் தொடங்கினார். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவளைக் கேட்கவில்லை.

அவள் கிண்ணத்தோடு சமையலறைக்குப் போனாள். மிக்ஸியைப் போடலாமென்று எடுத்தவள், போடாமல் நின்றாள். அறையிலிருந்து அவர் முணுமுணுப்பு கேட்டது. மோட்டார் பிரிக்கும்போது அவர் மோட்டாரோடு பேசுவாராம். மில்லில் உடன் வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவள் கேட்டதில்லை.

ஃபோன் அடித்தது. ஞாயிறானால் சௌமியா கூப்பிடுவாள். முதல் மணியிலேயே எடுக்கிறவர் இன்று தலையைத் தூக்கவில்லை.

அவள்தான் எடுத்தாள்.

"என்னம்மா நீ எடுக்கற? அப்பா எங்க?"

அவள் எட்டிப் பார்த்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு வெகு பக்கத்தில் குனிந்திருந்தார்.

"அப்பா வேலையா இருக்கறாரு கண்ணு," என்றாள்.

அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.